வாடிக்கையாளனின் கடற்கரை

கடந்த சில ஆண்டுகளாக நம் இலக்கிய இதழ்களில் இலங்கைப் பயணக் கட்டுரை ஏறக்குறைய ஒரு தனி வகைமையாகவே ஆகிவிட்டது. நான் வாசித்தவரை அவற்றை இரண்டு அச்சுகளுக்குள் அடக்கிவிடலாம். முதல் அச்சில், கட்டுரையாளர் விமானச் சன்னல் வழியாகத் தென்னந்தோப்புகளைப் பார்ப்பார். பெந்தோட்டையிலோ மிரிஸ்ஸவிலோ வெண்மணலில் கால் புதைப்பார். அந்தி வானத்துக்கு முக்கால் பக்கம் ஒதுக்குவார். முடிவில் கடல் அவரிடம் ஏதோ சொல்லும். இரண்டாம் அச்சில் அவர் முல்லைத்தீவுக்குப் போவார். முள்ளிவாய்க்கால் மணலை ஒரு கைப்பிடி அள்ளுவார். அது விரலிடுக்கில் வழிவதை உடன்வந்த நண்பர் படமெடுப்பார். முடிவில் கடல் மௌனமாக இருக்கும். பேசும் கடலுக்கும் பேசாத கடலுக்கும் நடுவே, அந்தக் கரையில் குடியிருக்கும் ஒரு மனிதர்கூட நமக்கு அறிமுகமாவதில்லை, ஆட்டோ ஓட்டுநரைத் தவிர. ஆட்டோ ஓட்டுநர் எப்போதும் நல்லவர்.

இவ்விரண்டு வகையும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்றொரு நம்பிக்கை நம்மிடையே இருக்கிறது. முதலாமவர் மேலோட்டமானவர், இரண்டாமவர் அரசியல் உணர்வு கொண்டவர் என்று. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒருவர் அழகை வாங்கப் போகிறார், மற்றவர் துக்கத்தை வாங்கப் போகிறார். இருவரும் போவதற்கு முன்பே எதை வாங்கவேண்டும் என்று முடிவு செய்துவிட்டுத்தான் போகிறார்கள். இரண்டுமே வாடிக்கையாளனின் எழுத்து.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்கலாம். நானும் போனேன் என்பதுதான். வேலூரில் ஒரு பயண முகவரிடம் ஐந்து இரவு, ஆறு பகல் என்று பணம் கட்டி, காட்பாடியில் ரயிலேறி, சென்னையில் விமானமேறி, குடும்பத்தோடு போய்வந்தேன். அதில் மூன்று நாள் திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளியில். பாலாற்று மணலைத்தான் கடற்கரை என்று நினைத்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஆற்றில் தண்ணீர் வந்தால் அது செய்தியாகும் ஊர்க்காரர்கள். எனவே நிலாவெளியின் நீலத்தைக் கண்டு வாய் பிளந்ததில் பிழையொன்றுமில்லை. திரும்பி வந்ததும் ஆறு பக்கம் எழுதினேன். முதல் அச்சிலேயே வார்த்த கட்டுரை. அந்தி வானம் அதிலும் இருந்தது. அதை வெளியிடாமல் வைத்திருப்பதற்கான காரணத்தைச் சொல்வதற்கே இதை எழுதுகிறேன்.

திரும்பிய மாதத்தில் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தார். வேலூரைத் தாண்டி, நெடுஞ்சாலையை ஒட்டிய மேல்மொணவூர் முகாமிலிருந்து வருபவர். தமிழகத்தின் அகதி முகாம்களில் பெயின்ட் வேலைக்குப் போகும் ஆண்கள் எத்தனை பேர் என்பது, சுவர்களுக்கு வண்ணம் பூசிக்கொள்ளும் நமக்குத் தெரிந்திருக்கவேண்டிய செய்தி. மதிய உணவு வேளையில் பேச்சு வந்தது. சொந்த ஊர் நிலாவெளிப் பக்கம் என்றார். 1990-இல், பதினொரு வயதில், படகில் வந்தவர். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. கைபேசியை எடுத்துப் படங்களைக் காட்டினேன். என் மனைவியையும் என்னையும் கடலையும் தாண்டி அவர் மணலையே பார்த்தார். சுண்ணாம்பு காய்ந்த விரலால் படத்தைப் பெரிதாக்கினார்.

"இது எந்தப் பாடு, ஐயா?"

எனக்குப் புரியவில்லை. அவரே தொடர்ந்தார். "இப்பவும் அங்க கரைவலை இழுக்கினமோ? இதில வாடியள் இருந்தது. இப்ப ஒண்டையும் காணேல்லை."

மூன்று நாள் அந்தக் கரையில் படுத்துக் கிடந்தவன் நான். கரைவலை இழுத்தார்களா இல்லையா என்று சொல்லத் தெரியவில்லை. விடுதியின் காலை உணவு பத்து மணிவரை உண்டு என்பது தெரியும்.

பாடு என்றால் என்ன என்று அவர்தான் விளக்கினார். கரைவலை என்பது கரையிலிருந்து வளைத்துப் போட்டு, இரு பக்கமும் ஆட்கள் நின்று கயிற்றைப் பற்றிக் கரைக்கு இழுக்கும் பெருவலை. அதை நினைத்த இடத்தில் இழுக்க முடியாது. அடியில் கல் இருக்கக்கூடாது, நீரோட்டம் தோதாக இருக்கவேண்டும், இழுக்கும் ஆட்கள் வரிசையாய் நிற்கப் போதிய நீளத்துக்கு வெறும் மணல் வேண்டும். அப்படிப்பட்ட கரைத்துண்டுதான் பாடு. ஒவ்வொரு பாட்டுக்கும் உரிமையாளர் உண்டு, முறை உண்டு, வழக்கு உண்டு. வாடி என்பது பருவத்தில் தங்கிக் கருவாடு போடும் ஓலைக் கொட்டகை. மேற்கே நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்துச் சிங்கள மீனவர்களும் பருவத்துக்குக் கிழக்குக் கரைக்கு வந்து வாடி அடிப்பதுண்டு. அதில் சிநேகமும் இருந்திருக்கிறது, வெட்டுக்குத்தும் இருந்திருக்கிறது. அதாவது நான் 'மனிதக் காலடி படாத வெண்மணல்' என்று எழுதியிருந்த இடம் முழம் முழமாகப் பெயர் வைத்துப் பிரித்துக்கொள்ளப்பட்ட இடம். வெறுமை அதன் இயல்பு என்று நான் நினைத்திருந்தேன். வலை இழுப்பதற்காக வெறுமையாக விடப்பட்ட மணல் அது. நம் வீட்டு நெற்களத்தைப் பார்த்து 'ஆகா, ஆளில்லாத வெட்டவெளி' என்று ஒரு வெளியூர்க்காரன் கவிதை எழுதினால் எப்படி இருக்கும்!

இலக்கிய வாசகர்களாகிய நாம் சொற்களைப் பற்றித்தான் முதலில் கவலைப்படவேண்டும். நம் இலங்கைக் கடற்கரைக் கட்டுரைகளில் பாடு இல்லை, வாடி இல்லை, வள்ளம் இல்லை, சோளகக் காற்று இல்லை. வெண்மணலும் நீலமும் தென்னையும் உண்டு. இவை சுற்றுலாத் துண்டுப் பிரசுரத்தின் சொற்கள். இதில் வேதனை என்னவென்றால், விடுபட்ட சொற்கள் யாவும் தமிழ்ச்சொற்கள். அயல்நாட்டு வெள்ளைக்காரப் பயணிக்கு அவை தெரியாதிருக்க நியாயம் உண்டு. தமிழில் எழுதுகிறவர், தமிழ் பேசும் கரையில் நின்று, அவருடைய பார்வையைக் கடன் வாங்கி எழுதுவதற்கு என்ன நியாயம்?

அந்தக் கரைகள் எப்படிக் காலியாயின என்பதற்கு வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளத் தொல்லியல் ஆய்வு ஒன்றும் வேண்டியதில்லை. இலங்கையில் சுற்றுலாச் சபை அமைந்தது 1966-இல். பெந்தோட்டையில் விடுதிகள் எழும்பியது அதையடுத்து. போர்க்காலம் கிழக்குக் கரையைப் பயணிகளிடமிருந்து விலக்கி வைத்தது, கரைக்காரர்களையும் விரட்டியது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் அந்தத் தீவில் மாண்டவர்கள் 30 ஆயிரத்துக்கும் மேல். அதற்குப் பிறகு வந்ததுதான் இரண்டாவது அலை. தெற்கிலும் மேற்கிலும் 100 மீட்டர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டர் தூரத்துக்குள் யாரும் வீடு கட்டக்கூடாது என்று அரசு இடைவெளி வலயம் அறிவித்தது. பாதுகாப்புக்காம். மீனவர் வீட்டுக்குத் தடை, சுற்றுலா விடுதிக்கு விலக்கு! அலைக்கு ஏழை வீடும் விடுதியும் வேறு வேறாகத் தெரியும்போலிருக்கிறது. (இந்த வலயம் பின்னர் சுருக்கப்பட்டது. அதற்குள் பலர் உள்நாட்டுக்குத் தள்ளப்பட்டிருந்தார்கள்.) அறுகம் குடாவில் இது நடந்த விதத்தை நவோமி க்ளெய்ன் 2007-இல் வந்த தன் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். கனடாவிலிருந்து வந்த பெண்ணுக்குத் தெரிந்தது ராமேசுவரத்துக்கு அப்பால் நம் கண்ணுக்குத் தெரியவில்லை.

அறுகம் குடாவுக்குத் தெற்கே பாணமை என்றொரு ஊர். சிங்களமும் தமிழும் கலந்த வம்சாவளியினர் வாழும் ஊர். நமது 'அவர்கள், நாம்' கணக்கில் எந்தப் பக்கம் சேர்ப்பது என்று திகைக்கவைக்கும் ஊர். 2010 ஜூலையில் அங்கே ஆயுதம் தரித்தவர்கள் குடிசைகளைக் கொளுத்தி மக்களை விரட்டினார்கள். அந்த நிலத்தில் கடற்படையும் விமானப்படையும் அமர்ந்தன. கடற்படை விடுதி கட்டியது. 2015-இல் நிலத்தைத் திருப்பிக் கொடுக்க அமைச்சரவை முடிவெடுத்தபிறகும் அம்மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடவேண்டியிருந்தது. மட்டக்களப்புப் பாசிக்குடாவில் போருக்குப் பின் வரிசையாக விடுதிகள் எழுந்தன. மீனவர்கள் வள்ளம் நிறுத்தும் கரை குறுகியது. வடக்கே வலிகாமத்திலிருந்து 1990 ஜூனில் வெளியேறிய மக்களின் நிலம் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. அதற்குள் காங்கேசன்துறைக் கடலோரத்தில் இராணுவம் 'தல்செவன' என்ற உல்லாச விடுதியை நடத்தியது. நிலம் துண்டுதுண்டாக விடுவிக்கப்பட்டது என்றாலும், முகாமிலும் உறவினர் வீட்டிலும் கால் நூற்றாண்டைக் கழித்தவர்கள் உண்டு. உச்சம், நந்திக்கடல் ஓரத்தில் படையினரின் விடுதி 2012-இல் திறக்கப்பட்டது. 2009 மே மாதத்தில் அந்த நீரேரிக் கரையில் நடந்ததை நான் இங்கே சொல்லவேண்டியதில்லை. அங்கே அறை எடுத்துத் தங்கலாம். சூரிய உதயம் நன்றாக இருக்குமாம்.

இரண்டாம் அச்சுக் கட்டுரையாளருக்கு இவையெல்லாம் தெரியும். ஆனால் அவருக்கு 2009 மே மாதத்துடன் தீவின் வரலாறு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அந்தக் கரையில் ஒருவர் வலை வாங்கக் கடன் எடுத்தார், கடன் கட்ட முடியவில்லை, மகள் தையல் ஆலைக்குப் போகிறாள் என்ற தகவல் அவருடைய துயரத்தின் தூய்மையைக் கெடுத்துவிடும். எனவே அவர் அதைக் கேட்பதில்லை. இறந்தவர்கள் கேள்வி கேட்கமாட்டார்கள். உயிரோடிருப்பவர்கள் 'அண்ணை, நீங்கள் என்ன எழுதப் போறியள்?' என்று கேட்டுவிடுவார்கள்.

இனி எதிர்வாதத்துக்கு வருகிறேன். நண்பர்கள் சிலரிடம் இதைப் பேசியபோது உடனே வந்த பதில்: சுற்றுலா இல்லாவிட்டால் அந்த நாடு எப்படிப் பிழைக்கும்? 2022-இல் அந்நியச் செலாவணி தீர்ந்து, எரிபொருளுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்று, வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாது என்று அறிவித்த நாடு அது. 2018-இல் 23 லட்சம் பயணிகள் வந்தார்கள். 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பும், பின்னர் கொரோனாவும் அதைத் தரைமட்டமாக்கின. 2024-இல் மீண்டும் 20 லட்சத்தைத் தாண்டியது. அவர்களில் முதலிடம் இந்தியர்களுக்கு. நாம் போவதே அவர்களுக்கு உதவிதானே?

இந்த வாதத்தை வேறு யார் சொன்னாலும் பொறுத்துக்கொள்ளலாம். பாலாற்றங்கரைக்காரன் சொல்லக்கூடாது. 'அந்நியச் செலாவணி' என்ற மந்திரத்தை எங்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று நீளும் தோல் பட்டறைகள் அந்த மந்திரத்தைச் சொல்லித்தான் வளர்ந்தன. பிழைப்பும் கொடுத்தன, அதை மறுக்கவில்லை. எங்கள் தெருவில் பாதி வீடுகளில் அடுப்பெரிந்தது ஷூ கம்பெனிச் சம்பளத்தில்தான். கூடவே ஆற்றையும் கிணற்றையும் எடுத்துக்கொண்டன. தோல் அந்நியச் செலாவணி ஈட்டித் தருகிறது, வேலை தருகிறது, அதற்காகச் சுற்றுச்சூழலை அழிக்கும் உரிமை அதற்கு வந்துவிடாது என்ற கருத்தில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தில் மைல்கல் என்று சட்டக் கல்லூரிகளில் பாடமாக வைத்திருக்கிறார்கள். அத்தனை பெரிய தீர்ப்பு வந்த பிறகும் 2015 ஜனவரி இறுதியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுச் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். 2025 ஜனவரியில் அதே உச்ச நீதிமன்றம் அதே பாலாற்று மாசைப் பற்றி மீண்டும் ஒரு தீர்ப்புச் சொல்லவேண்டியிருந்தது.

ஆம்பூர்ச் செருப்பை ஐரோப்பாவில் அணிந்து நடக்கும் ஒருவர் பாலாற்றைப் பற்றி ஒன்றும் அறியாதவராக இருப்பதில் எங்களுக்கு ஒரு ஆறாத கோபம் உண்டு. எத்தனை மேடைகளில் அதைப் பேசியிருக்கிறோம்! நிலாவெளியில் அந்தச் செருப்பணிந்தவராக நான் இருந்தேன். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு பெயின்ட் தொழிலாளி தேவைப்பட்டிருக்கிறார். ஆகவே நான் போகவேண்டாம் என்று சொல்லவில்லை. போவது ஒரு கொடுக்கல் வாங்கல், அதில் கரை யாருடைய கணக்கில் செலவாகிறது என்பதைப் பார்த்து எழுதுங்கள் என்கிறேன். அதற்குப் 'உதவி' என்று பெயர் வைக்காதீர்கள் என்கிறேன்.

இன்னொரு எதிர்வாதம் அழகியல் சார்ந்தது. பயணக் கட்டுரை தொண்டு நிறுவன அறிக்கை அல்ல, ஒரு மனம் ஓர் இடத்தைச் சந்திப்பதன் பதிவு, எல்லாவற்றிலும் நில ஆக்கிரமிப்பைத் தேடினால் இலக்கியம் வறண்டுவிடும் என்கிறார்கள். அப்படியானால் சிட்டியும் தி. ஜானகிராமனும் எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி'யை எடுத்து மறுபடி வாசியுங்கள். அழகைக் கண்டு அவர்களைவிட மயங்கியவர் யார்? ஆனால் அதில் ஆற்றோடு சேர்ந்து சாப்பாடும் சாலையும் மனிதர்களின் பேச்சும் எரிச்சலும் வருகின்றன. மனிதர்கள் இருப்பதால் காவேரியின் அழகு குறைந்துவிடவில்லை. புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தை எழுதினாரே, அங்கே மலையின் பசுமையைக் கண்டு மூர்ச்சை போட்டா விழுந்தார்? அந்தப் பச்சைக்குக் கீழே யார் குனிந்து நிற்கிறார்கள் என்று பார்த்தார். அது மணிக்கொடிக் காலம். பயணச்சீட்டும் விசாவும் இத்தனை எளிதாகிவிட்ட நாளில் நம் பார்வை அதைவிடக் குறுகிப்போனதற்கு என்ன சமாதானம் சொல்வது?

எளிது என்று சொன்னேன். எங்களுக்கு எளிது. 2023-இல் இந்தியப் பயணிகளுக்கு விசாக் கட்டணம் வேண்டாம் என்று இலங்கை அறிவித்தது. அதே ஆண்டு அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள். ஆனால் மேல்மொணவூர்க்காரர் நிலாவெளியைப் பார்க்க அந்தக் கப்பலில் ஏறிவிட முடியாது. போகலாம், நிரந்தரமாகத் திரும்பிப் போகிறவராகப் போகலாம். பார்த்துவிட்டு வருகிறேன் என்று போகமுடியாது. மனைவியும் பிள்ளைகளும் இங்கே. பிள்ளைகள் வேலூர் அரசு மருத்துவமனையில் பிறந்து வேலூர்த் தமிழ் பேசுகிறவர்கள், ஆயினும் இந்தியக் குடிமக்கள் அல்லர். 2019-இல் திருத்தப்பட்ட குடியுரிமைச் சட்டம் பாகிஸ்தானையும் வங்கதேசத்தையும் ஆப்கானிஸ்தானையும் சொன்னது, இலங்கையைச் சொல்லவில்லை. 2021 ஆகஸ்டில் 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது தமிழக அரசு. அப்போது முகாம்களில் இருந்தவர்கள் ஏறத்தாழ 58 ஆயிரம் பேர். அதே ஆண்டு நவம்பரில் முதல்வர் மேல்மொணவூருக்கே வந்து 3,510 வீடுகள் கட்டும் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டினார். பின்னர் வீடுகளும் வந்தன. நல்ல வீடுகள். 2025 செப்டம்பரில் ஒன்றிய அரசு, 2015 ஜனவரிக்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, உரிய ஆவணமின்றித் தங்கியதற்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது. குடியுரிமை அதில் இல்லை. தணிக்கை நாளன்று முகாமில் இருந்தாகவேண்டும் என்பதால் அந்த நாளில் எங்கள் வீட்டுச் சுவர் அரைகுறையாகவே நின்றது.

தீவிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களைப் பாலாற்றங்கரையில் வைத்துக்கொள்வது எங்கள் ஊருக்குப் புதிதல்ல. 1815-இல் கண்டி வீழ்ந்தபின் அதன் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை ஆங்கிலேயர் 1816-இல் கப்பலேற்றிக் கொண்டுவந்து வேலூர்க் கோட்டையில் வைத்தார்கள். கண்ணுசாமி என்ற இயற்பெயர் கொண்ட அந்த நாயக்க வம்சத்து மனிதன் பதினாறு ஆண்டுகள் இங்கே இருந்து, 1832 ஜனவரியில் இறந்தான். தன் தீவை அவன் மறுபடி பார்க்கவில்லை. ஆற்றங்கரையில் உள்ள அவன் கல்லறைக்கு 1990-இல் 'முத்து மண்டபம்' எழுப்பினார்கள். பெயின்ட் தொழிலாளி சிறுவனாகப் படகேறிய அதே ஆண்டு. காட்பாடிக்கும் வேலூருக்கும் இடையில் பாலத்தின் மேல் நாங்கள் தினமும் போய்வருகிறோம். கண்டியில் தலதா மாளிகையின் வாசலில் வரிசையில் நின்று, வழிகாட்டி சொன்ன அரச கதையை வாய் பிளந்து கேட்டேன். முத்து மண்டபத்துக்குள் ஒரே ஒரு முறை போயிருக்கிறேன், அதுவும் பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனபோது.

என் ஆறு பக்கக் கட்டுரையில் அரசனும் இல்லை, முகாமும் இல்லை, பாடும் இல்லை. திருத்தி எழுதலாமா என்று பார்த்தேன். இரண்டு பத்தியில் மீனவர்களைச் செருகி, ஒரு பத்தியில் குற்றவுணர்வைத் தெளித்து அனுப்பினால் எந்த இதழும் போட்டுக்கொள்ளும். அது மூன்றாவது அச்சு. ஏற்கெனவே அதுவும் வரத் தொடங்கிவிட்டது. இந்தக் கட்டுரையே அதுதானோ என்ற சந்தேகம் எனக்கும் உண்டு.

வேலை முடிந்து கூலியை எண்ணி வாங்கிக்கொண்டபின், தயங்கித் தயங்கி அவர் ஒன்று கேட்டார். "குறை நினைக்காதேங்கோ, ஐயா. ஆக்கள் இல்லாமல் கரை மட்டும் தெரியிற படம் ஒண்டிருந்தால் அனுப்பிவிடுங்கோ. அம்மாவுக்குக் காட்ட." கட்டாயம் அனுப்புகிறேன் என்றேன். அன்றிரவு உட்கார்ந்து தேடினேன். மூன்று நாளில் எடுத்தவை நூற்று நாற்பது படங்கள். நாங்கள் இல்லாத படம் ஒன்றுகூட அதில் இல்லை.